தம்பியை எங்கே சேர்ப்பது?

கேள்வி: என் தம்பிக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று 120 ஆண்டுகளுக்கு மேல் பழையது, அங்கே புள்ளியியல். மற்றொன்று தொடங்கி 9 ஆண்டுகள்தான் ஆகின்றன. அங்கே தரவு அறிவியல், கூடவே பாதிக் கட்டணச் சலுகை. எங்கள் பெற்றோர் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவர்கள். நான் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறேன். தம்பியின் படிப்புச் செலவு என் பொறுப்பு. “பேர் பெற்ற இடத்தை விட்டுவிடாதே” என்கிறார் அப்பா. தம்பியோ புதிய பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதைப் பற்றியே பேசுகிறான். பழைய இடத்தில் அலுவலகத்தில் யாரும் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை என்கிறான். முடிவு சொல்ல இன்னும் 16 நாட்கள் இருக்கின்றன. நான் தவறாகச் சொல்லி அவன் எதிர்காலம் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று இரவில் தூக்கம் வருவதில்லை. இரண்டு சேர்க்கைக் கடிதங்களையும் பாடத்திட்டங்களையும் அறிமுக ஏடுகளையும் இணைத்திருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கமில்லாமல் இருப்பவரைக் கடைசிப் பத்தி வரை காக்கவைக்க எனக்கு மனமில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் புள்ளியியல் பக்கம் சாய்கிறேன். அந்தப் பல்கலைக்கழகம் பழையது என்பதற்காக அல்ல. புதிய பல்கலைக்கழகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு எழுத்தில் நல்ல பதில் வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்க மாட்டேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனி விளக்குகிறேன்.

உங்கள் வீட்டில் நடக்கும் வாதம் 120 வயதுக்கும் 9 வயதுக்கும் இடையில் நடக்கிறது. இணைப்பில் இருந்த தாள்களைப் படித்தபோது என் கண்ணில் பட்டது வேறொரு எண். புதிய பல்கலைக்கழகத்துக்கு வயது 9 என்றாலும், அதன் தரவு அறிவியல் துறை தொடங்கி 3 ஆண்டுகள்தான் ஆகின்றன. படிப்போ நான்காண்டுப் படிப்பு. அதாவது, உங்கள் தம்பி சேரப்போகும் துறையிலிருந்து இதுவரை ஒருவர்கூடப் பட்டம் பெற்று வெளியே வரவில்லை. அறிமுக ஏட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேலைவாய்ப்புக் கணக்கு மற்ற துறைகளின் கணக்கு. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் அல்ல. மாணவன் படிப்பது துறையில். அவனுக்குப் பாடம் சொல்பவர்கள், அவன் தேர்வுத்தாளைத் திருத்துபவர்கள், நாளை அவனுக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போகிறவர்கள் எல்லாரும் துறையில் இருப்பவர்கள். பல்கலைக்கழகத்தின் வயதைக் கேட்கும் இடத்தில் துறையின் வயதைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, அங்கே இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் வயது என்ற கணக்கே அப்படியொன்றும் உறுதியானது அல்ல. உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்றான இத்தாலியின் பொலோனியா, தான் பிறந்த ஆண்டு 1088 என்கிறது. அந்த ஆண்டைத் தீர்மானித்தது 19ஆம் நூற்றாண்டில் கூடிய ஒரு குழு. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கியது. ஆனால் மூன்று பழைய கல்வி நிறுவனங்கள் இணைந்து உருவானது அது, அவற்றில் ஒன்றின் வேர் 1849 வரை போகிறது. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆயின. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்று. அதன் தொடக்கம் 1838. இப்படிப்பட்டவற்றைப் ‘புதியவை’ என்று ஒதுக்குகிறவர் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறுகிறார். உங்கள் தம்பி பார்த்துவந்தது அந்த வகை அல்ல. அவர்களுடைய ஏட்டின்படி, வெறும் நிலத்தில் முதல் செங்கல்லிலிருந்து எழுந்தது அது. ஆகவே அதைப் புதியதாகவே எடுத்துக்கொண்டு பேசுவோம்.

புதியது என்பதற்காக அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1826இல் லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் தொடங்கப்பட்டபோது இங்கிலாந்தில் இருந்த பல்கலைக்கழகங்கள் இரண்டே: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ். ஆங்கிலிகன் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அந்த இரண்டிலும் பட்டம் கிடையாது. புதிய கல்லூரிதான் மதம் பார்க்காமல் கதவைத் திறந்தது. லண்டன் பல்கலைக்கழகம் 1878இல் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதைச் செய்ய 1920 ஆயிற்று, கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தர 1948 ஆயிற்று. இதே யுனிவர்சிட்டி காலேஜில்தான், 1911இல், கார்ல் பியர்சன் என்ற புள்ளியியலாளர் உலகின் முதல் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையைத் தொடங்கினார். இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். அவன் இன்று பழசு என்று நினைக்கும் பாடம், பழைய இடங்கள் செய்யாததை ஓர் இளைய நிறுவனம் துணிந்து செய்ததால் தனித்துறையாக எழுந்து நின்ற பாடம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே, ஒரு பருவம் வகுப்பிலும் மறுபருவம் வேலையிடத்திலும் படிக்கும் முறையோடு தொடங்கியது. நெதர்லாந்தில் 1976இல் தோன்றிய மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம், சிறு குழுக்களாக உட்கார்ந்து ஒரு சிக்கலை எடுத்து அலசிப் படிக்கும் முறையையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. நூறாண்டு பழகிய இடத்தில் இப்படிப்பட்ட மாற்றத்தைக் கொண்டுவர எத்தனை குழுக்களைக் கடக்க வேண்டும் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் 22 ஆண்டுகளும், அதன் பிறகு தொடக்க நிலையில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் 7 ஆண்டுகளும் கணிதம் கற்பித்திருக்கிறேன். பழைய இடத்தில், கணினியில் தரவுகளை அலசக் கற்றுத்தரும் ஒரே ஒரு தாளைப் பாடத்திட்டத்தில் சேர்க்க நான்கு ஆண்டுகள் போராடினேன். துறைக் கூட்டம், பாடத்திட்டக் குழு, கல்விப் பேரவை, மறுபடியும் துறைக் கூட்டம். அந்த நான்கு ஆண்டுகளில் அந்தத் தாளைப் படிக்காமலே நான்கு வகுப்புகள் வெளியே போய்விட்டன. அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் அநீதி செய்தோம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். புதிய இடத்தில் அதே போன்ற ஒரு தாளைச் சேர்க்க மூன்று வாரம் போதுமானதாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் எனக்குத் தெரியும். இரவு ஏழு மணிக்கும் என் அறைக் கதவைத் தட்டுவார்கள். என் ஆசிரியப் பணியில் அவ்வளவு மகிழ்ச்சியான ஆண்டுகள் வேறு இல்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நான்காம் ஆண்டில் மாணவர் எண்ணிக்கை மூன்று மடங்கானது. ஆசிரியர் எண்ணிக்கை அப்படியே இருந்தது. நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்து வந்தவருக்கு வேறு கனவுகள் இருந்தன. மூன்று வாரத்தில் சேர்த்த தாளை ஒரே கூட்டத்தில் நீக்கினார்கள். ஒன்றரை ஆண்டில் என்னோடு இருந்த 11 ஆசிரியர்களில் 6 பேர் போய்விட்டார்கள். கடைசி ஆண்டு மாணவி ஒருவருக்கு ஆய்வுத் திட்ட வழிகாட்டி மூன்று முறை மாறினார். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது தன்னை மூன்று ஆண்டுகள் அறிந்த ஓர் ஆசிரியரின் கடிதம் வேண்டும் என்று அந்தப் பெண் அலைந்ததை நான் மறக்கவில்லை. அப்போது நானும் அங்கிருந்து விலகிவிட்டிருந்தேன். கடைசியில் என்னைத் தேடிப் பிடித்து எழுதி வாங்கினார்.

ஆகவே புதிய பல்கலைக்கழகத்தில் எல்லா ஆண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. தொடக்க ஆண்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு ஒரு பேறு. அமைப்பு நிலைபெற்று, வழக்கங்கள் உருவாகி, முன்னாள் மாணவர்கள் வெளியே காலூன்றிய பிறகு வருகிறவர்களுக்கு வேறு வகை நன்மை. நடுவில் ஒரு காலம் வரும்: தொடக்கத்தின் வேகம் தணிந்திருக்கும், நிலைபெற்றதன் பலம் வந்திருக்காது. அந்தக் காலத்தில் படிப்பவர்களே அதிகம் சிரமப்படுகிறார்கள். உங்கள் தம்பி சேரப்போகும் 9ஆம் ஆண்டு அந்த நடுக்காலமா என்பதை ஏடு சொல்லாது. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பது சொல்லும்.

பழமை எதைத் தருகிறது என்பதிலும் அப்பாவின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. உங்கள் தம்பியை அறியாத ஒருவர் அவன் விண்ணப்பத்தை அரை நிமிடம் பார்க்கும்போது, தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டால் இன்னும் அரை நிமிடம் பார்ப்பார். 25 ஆண்டு கழித்து மதிப்பெண் சான்றிதழின் நகல் தேவைப்பட்டால் பதிவேடு இருக்கும், எடுத்துத் தர ஓர் அலுவலகம் இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் “நானும் அங்கேதான் படித்தேன்” என்று சொல்ல ஒருவர் இருப்பார். முதல் வகுப்பில் கரும்பலகைக்கு முன் நிற்கப்போவது யார், அவருக்குக் கற்பிப்பதில் ஈடுபாடு உண்டா என்பதைப் பற்றி மட்டும் பழமை ஒன்றுமே சொல்வதில்லை.

மூடிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லாவிட்டாலும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011இல் ஒரு கல்லூரியை நிறுவின. பத்தே ஆண்டில், 2021இல், அதை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படித்து முடிக்க வழி செய்தார்கள்; கடைசி வகுப்பு 2025இல் பட்டம் பெற்றது. இன்னொரு பக்கம், 1876 வரை வேர்கொண்ட பிலடெல்பியாவின் கலைப் பல்கலைக்கழகம் 2024 மே 31 அன்று மூடப்போவதாக அறிவித்து, ஜூன் 7 அன்று மூடிவிட்டது. ஒரு வாரம்தான் இடைவெளி. இங்கே பிள்ளைகளைக் காப்பாற்றுவது நிறுவனத்தின் வயது அல்ல, ‘படிப்பை நிறுத்தினாலும் சேர்ந்தவர்களை முடிக்கவைப்போம்’ என்ற எழுத்துப்பூர்வமான உறுதியும் அதை நிறைவேற்றும் நாணயமும்தான். இதையும் நீங்கள் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

தரவரிசைப் பட்டியல்களை நீங்கள் குறிப்பிடவில்லை, நல்லது. ஒருவேளை யாராவது காட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தி 2003 முதல் வெளிவரும் ஷாங்காய் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண், நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற முன்னாள் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமானது. 3 வயதுத் துறை அதில் எதைப் பெற முடியும்? அதே நேரத்தில், பழைய இடத்துக்கு அதனால் கிடைக்கும் உயரம் உங்கள் தம்பியின் செமஸ்டர் வகுப்பைத் தொடுவதும் இல்லை. 50 ஆண்டுக்கு உட்பட்டவற்றைத் தனியாக வரிசைப்படுத்தும் பட்டியல்களும் வந்திருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர்களுக்கு அவை ஓரளவு உதவும். இளநிலைப் படிப்புக்கு அவற்றில் அதிகம் தேட வேண்டாம்.

ஆனால் ஒரு ஆய்வை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது உங்கள் குடும்பத்தைப் பற்றியது போலவே இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் அதை வெளியிட்டார்கள். ஒரே தரத்தில் இருந்த மாணவர்களில், கடுமையாக வடிகட்டிச் சேர்க்கும் கல்லூரிக்குப் போனவர்களையும், அங்கே இடம் கிடைத்திருந்தும் வேறிடம் போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிற்கால வருமானத்தில் பொதுவாகப் பெரிய வித்தியாசம் இல்லை. விதிவிலக்காகச் சிலர் இருந்தார்கள்: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், பின்னர் வந்த ஆய்வில், பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளும். அவர்களுக்கு எந்தக் கல்லூரி என்பது முக்கியமாகத்தான் இருந்தது. அந்த ஆய்வு வயதை அளக்கவில்லை, அமெரிக்காவுக்கு வெளியே பார்க்கவும் இல்லை. ஆனாலும் அதன் பின்னால் இருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமா ஒருவர் தொலைபேசியில் பேசி வாசலைத் திறந்துவிடுவார். உங்கள் தம்பிக்கு அந்த மாமாவின் இடத்தில் கல்விக்கூடம்தான் நிற்க வேண்டும். முன்னாள் மாணவர்களே இல்லாத ஒரு துறையால் அந்த வேலையைச் செய்ய முடியாது. என் சாய்வுக்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், பாடத்திட்டம். இதை நான் இரண்டு முறை படித்தேன்.

‘தரவு அறிவியல்’ என்ற பெயர் கேட்கப் புதியதாக இருக்கிறது. 2001இல் வில்லியம் கிளீவ்லேண்ட் என்ற புள்ளியியலாளர்தான், புள்ளியியலை விரிவாக்கி அந்தப் பெயரில் ஒரு துறையாக அமைக்க வேண்டும் என்று எழுதினார். கணினியையும் பிற துறை அறிவையும் புள்ளியியலோடு சேர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சேர்ப்பது என்பதைக் கவனியுங்கள். புதிய பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் முதல் ஆண்டில் கணிதத்துக்கு ஒரே ஒரு தாள். நிகழ்தகவு இரண்டாம் ஆண்டில், அதுவும் இன்னொரு பாடத்தோடு சேர்ந்து அரைத்தாளாக. ஏழு தாள்களுக்கு மென்பொருள்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த ஏழில் எத்தனை மென்பொருள்கள் உங்கள் தம்பி பட்டம் வாங்கும் ஆண்டில் புழக்கத்தில் இருக்கும் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது. அந்தப் பட்டியலில் ‘ஆர்’ என்ற நிரலாக்க மொழியும் இருக்கிறது. 1990களில் அதை உருவாக்கிய ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆசிரியர்கள். அந்தப் பல்கலைக்கழகம் 1883இல் தொடங்கியது. தம்பி நேரில் பார்த்து வியந்த ஆய்வகத்தின் கணினிகளில் ஓடுவது ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறை தந்த கருவி.

பழைய இடத்தின் பாடத்திட்டத்தில் நிகழ்தகவுக்கு இரண்டு செமஸ்டர். நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் அனுமானம், மாதிரிக் கணிப்பு, காலத்தொடர் எல்லாம் தனித்தனித் தாள்கள். எனக்கு அதில் மனநிறைவு. ஆனால் நிரலாக்கத்துக்கு மூன்றாம் ஆண்டில் ஒரே ஒரு தாள்தான். தரவுத்தளம் இல்லை, இயந்திரக் கற்றல் இல்லை. இது பெரிய குறை. இதை மறைத்து உங்களிடம் அந்தப் படிப்பைப் புகழ மாட்டேன். இரண்டு இடத்திலும் ஓட்டை இருக்கிறது. எந்த ஓட்டையை ஒரு 18 வயதுப் பையன் தானாக அடைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் கேள்வி. நிரலாக்கம் கற்க இணையத்தில் இலவசமாகவே நல்ல பாடங்கள் இருக்கின்றன. தவறாக எழுதினால் கணினியே உடனே காட்டிவிடும். நிகழ்தகவை அப்படிக் கற்பது மிகவும் கடினம். அதில் தவறாக நினைப்பவருக்குத் தான் தவறாக நினைப்பதே தெரியாது. எதிரில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து, “இந்த மாதிரியை எப்படி எடுத்தாய், யாரெல்லாம் இதில் விடுபட்டார்கள்?” என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த அறிவு ஊறும். வேலைக்கு ஆள் எடுக்கும் என் பழைய மாணவர்கள் என்னிடம் குறைபடுவதும் இதைத்தான்: கருவியை ஓட்டத் தெரிகிறது, வந்த விடை நம்பத் தகுந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது, கட்டணச் சலுகை. சேர்க்கைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: ஒவ்வோர் ஆண்டும் வகுப்பின் முதல் கால்பங்கில் இருந்தால்தான் அடுத்த ஆண்டும் சலுகை தொடரும். இதைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘இத்தனை மதிப்பெண் எடுக்க வேண்டும்’ என்றால் உழைத்து எடுத்துவிடலாம். கால்பங்கு என்பது மற்றவர்களைப் பொறுத்தது. எல்லாரும் நன்றாகப் படித்தாலும் நால்வரில் மூவர் வெளியே நிற்பார்கள். சலுகை போய்விட்டால் இரண்டாம் ஆண்டு முழுக் கட்டணம் கட்ட உங்களால் முடியுமா என்று இன்றைக்கே கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் அந்த இடம் உங்களுக்குச் சலுகை தரும் இடமே அல்ல. நடுவழியில் பணத்துக்காகப் படிப்பை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் சோம்பேறி இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. புதிய பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தைக் கேட்காதீர்கள். அவர்களுடைய வேலை சேர்ப்பது. பதிவாளருக்கும் துறைத்தலைவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தரவு அறிவியல் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஒப்பந்தத்திலும் வருகைதரு ஆசிரியராகவும் எத்தனை பேர், மூன்று ஆண்டுகளில் விலகியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நிகழ்தகவை யார் கற்பிக்கிறார், கூடுதல் கணிதத் தாள்களை விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சலுகை போனவர்கள் இதுவரை எத்தனை பேர் என்பதும், துறை மூடப்பட்டால் சேர்ந்தவர்களின் நிலை என்ன என்பதும் வேண்டும். நல்ல துறைத்தலைவர் இந்தக் கடிதத்தைப் பார்த்துக் கோபப்பட மாட்டார், மகிழ்வார். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது இப்படி ஒரு கடிதம் வராதா என்று ஏங்கியிருக்கிறேன். நிரந்தர ஆசிரியர்கள் போதுமான அளவில் இருந்து, கணிதத்தைக் கூட்டிப் படிக்க வழியும் இருந்து, சலுகை நிபந்தனையைத் தளர்த்தவும் ஒப்புக்கொண்டால், தம்பியின் ஆர்வத்துக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆர்வமும் ஒரு மூலதனம்தான்.

கூடவே, இப்போது அங்கே மூன்றாம் ஆண்டில் படிக்கும் இருவரிடமாவது தம்பி பேச வேண்டும். பல்கலைக்கழகமே அறிமுகப்படுத்திவைக்கும் மாணவர்கள் வேண்டாம்; உணவகத்திலோ நூலகத்திலோ தானாகச் சந்திப்பவர்கள். “இங்கே உங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்ற ஒரு கேள்வி போதும்.

பழைய இடத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அலுவலகத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று தம்பி சொன்னதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் அந்த அலுவலகத்தோடுதான் அவன் வாழ வேண்டும். ஆனால் அலுவலகத்தின் முகம் வேறு, துறையின் முகம் வேறு. அவன் மறுபடியும் போகட்டும். இந்த முறை நேராகப் புள்ளியியல் துறைக்கு. வகுப்பில் எத்தனை பேர், கணினித் துறையிலிருந்து விருப்பப் பாடம் எடுக்க அனுமதி உண்டா, பாடத்திட்டத்தைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று ஓர் ஆசிரியரிடம் கேட்கட்டும். பத்து ஆண்டுகளாகத் திருத்தவே இல்லை, வெளியே ஒரு தாளும் எடுக்க முடியாது என்று சொன்னால் எனக்கு உடனே எழுதுங்கள். அப்போது இந்தக் கணக்கை நாம் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவம், சட்டம், செவிலியம் போல உரிமம் பெற்றுச் செய்யும் தொழிலுக்கான படிப்பு என்றால், மேலே சொன்ன எதற்கும் முன்னால், அந்த இடத்தின் பட்டத்தை அந்தத் தொழிலின் ஒழுங்குமுறை அமைப்பு ஏற்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் சொல்வதை வைத்து அல்ல, அந்த அமைப்பின் பட்டியலைப் பார்த்து. புதிய இடங்களில் இந்த ஒப்புதல் முதல் வகுப்பு வெளிவந்த பிறகே முழுமையாவதும் உண்டு. புள்ளியியலுக்கும் தரவு அறிவியலுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

கடைசியாக, உங்களைப் பற்றி. தம்பியின் எதிர்காலம் உங்களால் கெட்டுவிடுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சொந்தப் படிப்புக்கு யாரும் இப்படி இரவு விழித்திருக்கவில்லை என்பதை அந்த வரியிலிருந்தே புரிந்துகொண்டேன். வேலையும் பார்த்துக்கொண்டு தொலைநிலையில் பட்டம் பெற்றவர் நீங்கள். தொலைநிலைக் கல்விக்கென்றே அமைந்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் சாசனம் பெற்றபோது அதுவும் புதியதுதான். தொலைநிலைக் கல்வி உங்களுக்குப் பயன்பட்டதற்குப் பாதிக் காரணம் நீங்கள். உங்கள் தம்பிக்கும் அதுபோலத்தான். எந்த இடத்தில் சேர்ந்தாலும் மீதிப் பாதி அவன் கையில் இருக்கிறது. அதனால் முடிவை நீங்களே எடுத்து அவனிடம் கொடுக்காதீர்கள். வீட்டு வரவு செலவை அவன் முன் திறந்து வையுங்கள், சேர்க்கைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அவனையே படிக்கச் சொல்லுங்கள், மின்னஞ்சலை அவன் கையாலேயே எழுதவையுங்கள். வந்த பதில்களை வைத்துக்கொண்டு அப்பாவோடும் சேர்ந்து உட்காருங்கள். அவன் என்னோடு உடன்படாமல் போகலாம். காரணத்தோடு உடன்படாமல் போனால் அதை நான் மதிப்பேன்.

16 நாட்களில் 10 நாட்களைப் பதிலுக்காக ஒதுக்குங்கள். ஐந்தாம் நாள் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். 11ஆம் நாளும் எழுத்தில் ஒன்றும் வராவிட்டால் மேற்கொண்டு காத்திருக்க வேண்டாம். புள்ளியியலுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, அன்று மாலையே தம்பியை ஒரு நிரலாக்கப் பாடத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வந்த அன்றே படித்துவிட்டு எழுதுகிறேன்.